பார்த்தவுடன் வாசிக்க: பியானோ சைட் ரீடிங், படிப்படியாக

மூன்று மாதம் உழைத்து கிரேடு 4 பாடத்தைச் சுத்தமாக வாசிப்பவர், முன்பின் பார்க்காத கிரேடு 1 தாளை வைத்ததும் மூன்றாவது பாரில் (இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) நின்றுவிடுகிறார். திறமைக் குறைவு இல்லை. ஒரே பாடத்தை இருபது முறை வாசித்தபின் விரல்கள் மனப்பாடத்தில் ஓடுகின்றன. கண் தாளின் மேல் இருந்தாலும் எதையும் படிப்பதில்லை. அந்த மூன்று மாதத்தில் அவர் உண்மையில் நோட் படித்தது முதல் சில நாட்கள் மட்டுமே.

சைட் ரீடிங், அதாவது புதிய தாளைப் பார்த்தவுடன் வாசிப்பது, தனிப் பயிற்சி. அதற்கென ஒரு வரிசை இருக்கிறது: முதலில் கண், பிறகு கை, பிறகு தாளம், அதற்குப் பிறகுதான் மூன்றும் சேர்ந்து. பெரும்பாலானோர் கடைசிப் படியில் தொடங்கி அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள்.

1. தொடங்கும் முன்

கருவி பெரிதாக வேண்டியதில்லை. ஆரம்ப கிரேடுகளுக்கு 61 கட்டை கீபோர்டே போதும். கட்டைகள் பியானோ கட்டையின் முழு அகலத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குட்டிக் கட்டை உள்ள கீபோர்டில் பழகினால் கை தவறான தூரத்தைக் கற்றுக்கொள்ளும். மிடில் சி எங்கே என்பதையும் முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்: 61 கட்டையில் இடமிருந்து மூன்றாவது சி, 88 கட்டையில் நான்காவது சி.

தாள் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். மேசையில் படுத்திருக்கும் தாளைப் படிக்கத் தலை குனியும். குனிந்த கண்ணுக்குக் கட்டைகள் பக்கத்திலேயே இருப்பதால் பார்வை அங்கே நழுவிவிடும். மொபைல் திரை இந்த வேலைக்கு உதவாது. அதில் ஒரு சமயத்தில் இரண்டு மூன்று பார்தான் தெரியும், நமக்கோ அடுத்து வருவதைப் பார்த்தே பழக வேண்டும். ஏ4 தாளில் அச்செடுங்கள், அல்லது பெரிய டேப்லெட் வையுங்கள்.

இவற்றோடு ஒரு மெட்ரோநோம் (சீரான வேகத்தில் தட்டும் கருவி), ஒரு பென்சில், தபால் அட்டை அளவில் ஒரு கெட்டி அட்டை.

உண்மையில் தட்டுப்பாடு வருவது பாடங்களுக்குத்தான். ஒருமுறை வாசித்த தாள் அடுத்த நாள் புதிய தாள் ஆகாது. நாளுக்கு மூன்று, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால்கூட மாதத்துக்கு அறுபது சிறு பாடங்கள் தேவை. தேர்வு வாரியங்கள் வெளியிடும் சைட் ரீடிங் மாதிரிப் புத்தகங்களில் தொடங்கலாம். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் ‘மைக்ரோகாஸ்மாஸ்’ ஆறு தொகுதிகளில் 153 சிறு பாடங்களாகப் படிப்படியாக ஏறுகிறது. இரு கையும் ஒரே ஸ்வரத்தை வாசிக்கும் பாடங்களோடு அது தொடங்குவதால் புதியவருக்கு மிகப் பொருத்தம். தேவாலயப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஸ்டாஃப் நொட்டேஷனில் (ஐந்து கோட்டுக் குறியீட்டில்) அச்சிட்ட பாமாலைப் புத்தகம் ஒரு சுரங்கம், ஆனால் அதை எடுக்கச் சற்றுக் காலம் ஆகும். காரணம் ஏழாம் பகுதியில் வருகிறது.

மட்டம் எது? நீங்கள் பாடமாக வாசிப்பதைவிட இரண்டு கிரேடு கீழே. எட்டு பார் கொண்ட தாளில், நிதானமான வேகத்தில், முதல் முறையிலேயே மூன்று தவறுக்கு மேல் வந்தால் அந்தத் தாள் உங்களுக்குக் கடினம். கௌரவம் பார்க்காமல் இன்னும் கீழே இறங்குங்கள். கடினமான தாளில் நீங்கள் பழகுவது நின்று நின்று வாசிப்பதைத்தான்.

2. கண்: எழுத்தை எண்ணாதீர்கள், தூரத்தைப் பாருங்கள்

கோடுகளின் பெயரை நினைவில் வைக்க ஆங்கில வாக்கியம் ஒன்றைச் சொல்லித் தருவது வழக்கம். முதல் வாரம் அது உதவும். அதற்குப் பிறகு தடைதான், ஏனென்றால் நான்காவது கோட்டின் பெயரைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு முறையும் கீழிருந்து சொல்லிக்கொண்டு ஏற வேண்டும். நோட்டுக்குக் கீழே பென்சிலால் பெயர் எழுதிக்கொள்வது இன்னும் மோசம். கண் எழுத்தைப் படிக்கும்; ஐந்து கோட்டைப் படிக்காது.

பதிலாக, எண்ணாமலே தெரிய வேண்டிய அடையாள நோட்களை ஊன்றிக்கொள்ளுங்கள். ட்ரெபிள் கிளெஃபின் (பெரும்பாலும் வலது கை வரியின் தொடக்கக் குறி) சுருள் சுற்றும் இரண்டாவது கோடு ஜி. பேஸ் கிளெஃபின் (பெரும்பாலும் இடது கை வரியின் குறி) இரு புள்ளிகளுக்கு நடுவே ஓடும் நான்காவது கோடு எஃப். இரண்டுக்கும் இடையில் மிடில் சி.

அடுத்து மற்ற சி-க்கள். ட்ரெபிளில் மூன்றாவது இடைவெளி சி, பேஸில் இரண்டாவது இடைவெளி சி. ட்ரெபிளுக்கு மேலே இரண்டாவது துணைக்கோடு சி, பேஸுக்குக் கீழே இரண்டாவது துணைக்கோடும் சி. மிடில் சி-யை நடுவில் வைத்துக் காகிதத்தை மடித்தால் மேலும் கீழும் ஒன்றன்மேல் ஒன்று விழும். இந்தச் சமச்சீரை ஒருமுறை கையால் வரைந்து பார்த்தவர் மறப்பதில்லை.

அடையாள நோட் ஏழும் தெரிந்துவிட்டால், மற்ற எல்லாமே அவற்றிலிருந்தும் முந்தைய நோட்டிலிருந்தும் எவ்வளவு தூரம் என்பதுதான். கோட்டிலிருந்து அடுத்த இடைவெளி செகண்ட்: பக்கத்து விரல். கோட்டிலிருந்து அடுத்த கோடு தேர்டு: ஒரு விரல் தாண்டு. ஒரு கோட்டை விட்டு அதற்கடுத்த கோடு ஃபிஃப்த்: கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல். ஒற்றைப்படைத் தூரங்களில், அதாவது 3, 5, 7 எனில், இரு நோட்டும் கோட்டில் இருக்கும், அல்லது இரண்டும் இடைவெளியில் இருக்கும். இரட்டைப்படையில் ஒன்று கோட்டிலும் மற்றது இடைவெளியிலும். ஆக்டேவ் எட்டு என்பதால் அதற்கும் இதே விதி. ஆறா ஏழா என்று குழம்பும் இடத்தில் இந்த விதி அரை நொடியில் தீர்ப்புச் சொல்லிவிடும்.

பயிற்சி: கருவி இல்லாமல் ஒரு தாளை எடுத்து, முதல் நோட்டின் பெயரை மட்டும் சொல்லுங்கள். பிறகு “மேலே செகண்ட், மேலே தேர்டு, அதே நோட், கீழே ஃபிஃப்த்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள். நாளுக்கு இரண்டு நிமிடம். பேருந்திலும் செய்யலாம், பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, ஒரு சலுகை. எச்சரிக்கை: சி-யை எப்போதும் ஸ என்று வைத்து, தாளை ஸ்வரமாக மாற்றி, ஸ்வரத்தைக் கட்டையாக மாற்றினால் இரண்டு மொழிபெயர்ப்பு ஆகிறது, வேகம் வராது. ஜி மேஜர் தாளில் எஃப் ஷார்ப்பை (எஃப்புக்கு அரைப்படி மேலே உள்ள கட்டை) பிரதி மத்யமம் என்று நினைத்தால் பாட்டின் போக்கும் பிடிபடாது. சலுகை: ஜி-யை ஸ என்று வைத்துப் பாருங்கள். மேஜர் ஸ்கேல் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான்; அந்த எஃப் ஷார்ப் இப்போது காகலி நிஷாதம், அடுத்து ஸ-வுக்கு ஏறத் துடிக்கும் ஸ்வரம். கையால் தொடும் முன் மெட்டை மனதுக்குள் பாடிப் பார்க்க இது பெரிய உதவி. படிக்க எழுத்தும் தூரமும், கேட்க ஸ்வரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

3. கை: குனியாமல் கட்டையைக் கண்டுபிடித்தல்

ஒவ்வொரு முறை குனிந்து நிமிரும்போதும் கண் தாளில் விட்ட இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலில்தான் தாளம் உடைகிறது. ஆகவே கறுப்புக் கட்டைகளை விரலால் படிக்கப் பழக வேண்டும். அவை இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் நிற்பது அதற்கு வசதி.

கண்ணை மூடி, இரட்டைக் கறுப்பைத் தடவிப் பிடியுங்கள். அவற்றின் நடுவில் டி, இடப்பக்கம் சி, வலப்பக்கம் ஈ. மூன்று கறுப்பின் இடப்பக்கம் எஃப், வலப்பக்கம் பி. வாய்விட்டு ஒரு பெயரைச் சொல்லி, தடவித் தேடி, அழுத்தி, பிறகு கண்ணைத் திறந்து சரிபாருங்கள். வலது கைக்கு ஒரு நிமிடம், இடது கைக்கு ஒரு நிமிடம். இடது கையை ஏமாற்றாதீர்கள், அதுதான் பின்தங்கும்.

வாசிக்கும்போது குனியும் பழக்கம் போகாவிட்டால், கைகளுக்கு மேலே ஒரு மெல்லிய துண்டைப் போர்த்திக்கொண்டு ஐந்து விரல் எல்லைக்குள் அடங்கும் தாளை வாசியுங்கள். பெரிய தாவலுக்குக் கட்டையைப் பார்ப்பது குற்றமில்லை. ஆனால் கண் மட்டும் இறங்கி ஏற வேண்டும், தலை அசையக் கூடாது.

ஸ்கேல் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. டி மேஜர் ஸ்கேல் விரலில் ஊறியிருந்தால், டி மேஜர் தாளில் எஃப் ஷார்ப்பும் சி ஷார்ப்பும் யோசிக்காமல் விழும். கட்டைவிரல் எங்கே அடியில் நுழைய வேண்டும் என்பதும் கைக்கே தெரியும். புதிய தாளைத் தொடும் முன் அந்த ஸ்கேலை ஒரே ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

4. தாளம்: நோட்டைவிட முந்தியது

ஒரு நோட் தவறினால் பாட்டு தொடரும். தாளம் தவறினால் பாட்டே இல்லை. தவறான நோட்டைத் திருத்த நிற்பவர் ஒரு பிழையை இரண்டாக்குகிறார்.

கருவியைத் தொடாமல், வலது கை வரியை வலது தொடையிலும் இடது கை வரியை இடது தொடையிலும் ஒரே சமயத்தில் தட்டுங்கள். வாயால் எண்ண வேண்டும். தாளில் குவேவர் (அரை க்ராட்செட் நீள நோட்) இருந்தால் “ஒன் அண்ட் டூ அண்ட்” என்று பிரித்து எண்ணுங்கள்; மனதுக்குள் எண்ணினால் கடினமான இடத்தில் எண்ணிக்கை உங்களுக்காக மெதுவாகிவிடும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

கொன்னக்கோல் பரிச்சயம் இருந்தால் நல்ல கருவி கையில் இருக்கிறது. ஒரு க்ராட்செட்டுக்குள் (4/4-இல் ஒரு பீட் நோட்) நான்கு செமிகுவேவர் (கால் க்ராட்செட்) வந்தால் தகதிமி. 6/8 தாளில் ஒவ்வொரு பெரிய பீட்டும் ஒரு தகிட, பாருக்கு இரண்டு. ஆறு தனித் தட்டாக எண்ணுவதுதான் 6/8-இல் எல்லோரும் செய்யும் பிழை, ஆட்டம் அதில் தொலைந்துவிடும்.

விழும் இடங்கள் மூன்று. ஒன்று, புள்ளி வைத்த க்ராட்செட்டும் அதைத் தொடரும் குவேவரும்: பாரின் தொடக்கத்தில் வந்தால் நீண்ட நோட் “ஒன் அண்ட் டூ” முழுவதையும் எடுத்துக்கொள்ளும், குவேவர் டூ-வுக்கு அடுத்த “அண்ட்”டில் விழும். இரண்டு, டை (ஒரே உயரத்து இரு நோட்களை இணைக்கும் வளைகோடு): இரண்டாவது நோட்டைத் திரும்ப அடிக்கக் கூடாது, ஆனால் எண்ணியே ஆக வேண்டும். மூன்று, எடுப்பு முதல் பீட்டில் இல்லாத தாள்: 4/4-இல் முதல் பாரில் ஒரே ஒரு க்ராட்செட் இருந்தால் அது ஒன் அல்ல, ஃபோர். “ஒன் டூ த்ரீ” என்று எண்ணிவிட்டு நுழையுங்கள். கடைசிப் பாரில் மூன்று பீட்தான் இருக்கும். அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம்.

5. வாசிக்கும் முன் அரை நிமிடம்

சென்னை மாணவர்கள் பலர் எழுதும் டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் (லண்டனின் இசைத் தேர்வு வாரியங்கள்) நேரடித் தேர்வுகளில் தாளைக் கொடுத்தபின் பார்க்கவும் தொட்டுப் பார்க்கவும் அரை நிமிடம் தருகிறார்கள். ஏபிஆர்எஸ்எம் செய்முறைத் தேர்வின் 150 மதிப்பெண்ணில் சைட் ரீடிங்குக்கு 21. கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு. பலர் இந்த அரை நிமிடத்தில் முதல் வரியை அவசரமாக வாசித்துப் பார்க்கிறார்கள். முதல் வரி பெரும்பாலும் எளிய வரி. நேரம் அங்கேயே போய்விடும்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் கீ சிக்னேச்சர்: வரியின் தொடக்கத்தில் நிற்கும் ஷார்ப் அல்லது ஃபிளாட் (அரைப்படி கீழே) குறிகள். ஷார்ப்களில் கடைசி ஷார்ப்புக்கு அரைப்படி மேலே மேஜர் கீ. ஃபிளாட்களில் கடைசிக்கு முந்திய ஃபிளாட்டே கீ. ஒரே ஃபிளாட் என்றால் எஃப் மேஜர். மைனரா என்று தெரிய இடது கையின் கடைசி நோட்டைப் பாருங்கள். ஒரு ஷார்ப் உள்ள தாள் ஈ-யில் முடிந்து, நடுவில் டி ஷார்ப்பும் தலைகாட்டினால் அது ஈ மைனர்.

பிறகு டைம் சிக்னேச்சர் (4/4, 6/8 போன்ற தாளக் குறி). உடனே தாளில் மிகக் கடினமான பார் எது என்று தேடுங்கள்: ஷார்ப் ஃபிளாட் தனியாக ஒட்டிய பார், கை நகரும் பார், சின்ன நோட்கள் நெருங்கிய பார். வேகத்தைத் தீர்மானிப்பது இந்தப் பார்தான், முதல் பார் அல்ல. அந்த ஒரு பாரைத் தொட்டுப் பாருங்கள்.

கடைசியாக இரு கையையும் தொடக்க இடத்தில் வைத்து, கீ சிக்னேச்சரில் உள்ள கறுப்புக் கட்டைகளை விரலால் தொட்டுவிட்டு, ஒரு பார் முழுக்க மனதில் எண்ணி நுழையுங்கள். எண்ணாமல் நுழைபவர் முதல் இரண்டு பாரை வேகமாக ஆரம்பித்து ஐந்தாவது பாரில் மாட்டிக்கொள்வார்.

6. நிற்காமல் வாசித்தல்

மெட்ரோநோமை க்ராட்செட்டுக்கு 50-இல், அதாவது நிமிடத்துக்கு ஐம்பது தட்டில் வையுங்கள். சலிப்பூட்டும் வேகம், அதுவே தேவை. ஒரு பீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் கண் முன்னே ஓட நேரம் வேண்டும்.

கண் கைக்கு முன்னால் போக வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், எப்படி என்று சொல்ல மாட்டார்கள். அட்டை அதற்குத்தான். நீங்கள் ஒரு பாரை வாசிக்கத் தொடங்கியதும் பக்கத்தில் இருப்பவர் அந்தப் பாரை அட்டையால் மூட வேண்டும். மூடிய பாரை நினைவிலிருந்து வாசித்துக்கொண்டே அடுத்த பாரைப் படிக்கிறீர்கள். முதலில் ஒரு பீட்டை மட்டும் மூடச் சொல்லுங்கள், முழு பாருக்கு மெதுவாகப் போகலாம். உதவிக்கு ஆள் இல்லாவிட்டால் நீண்ட நோட்களைப் பயன்படுத்துங்கள்: மினிமோ (இரண்டு க்ராட்செட் நீளம்) செமிபிரீவோ (நான்கு) ஒலிக்கும்போது அதையே பார்த்துக்கொண்டிருக்காமல் கண்ணை அடுத்த பாருக்குத் தள்ளுங்கள்.

இரண்டு வரியையும் கீழிருந்து மேலாகப் படியுங்கள், பேஸ் முதலில். கண் இயல்பாக மெட்டு இருக்கும் ட்ரெபிளுக்கு ஓடும், இடது கை அநாதையாகும்.

தவறினால் என்ன செய்வது? விட்டுவிடுங்கள். தொலைந்துபோனால் அடுத்த பாரின் முதல் பீட்டில் ஏறிக்கொள்ளுங்கள், ஓடும் பஸ்ஸை அடுத்த நிறுத்தத்தில் பிடிப்பதுபோல். நோட்கள் அதிகமாக வந்து திணறினால் நடு நோட்களை உதறி, மேல் மெட்டையும் கீழ் பேஸையும் காப்பாற்றுங்கள். எதை விடலாம் என்று தெரிந்திருப்பதும் இந்தக் கலையில் பாதி.

வலது கை தனி, இடது கை தனி, பிறகு சேர்த்து என்று ஒரே தாளைப் பழகுவது பாடம் கற்கும் முறை. இங்கே வேண்டாம். இரு கையும் சேர்ந்து வராத ஆரம்ப வாரங்களில் ஒரு தாளை வலது கைக்கும் வேறொரு தாளை இடது கைக்கும் ஒதுக்குங்கள்.

7. கார்டுகளை ஒரே உருவமாகப் பார்த்தல்

கார்டு (chord) என்றால் சேர்ந்து ஒலிக்கும் நோட்களின் அடுக்கு. அதை நோட் நோட்டாகப் படிப்பது எழுத்துக்கூட்டிப் படிப்பது போன்றது. மூன்று நோட் அடுக்கு கோடு-கோடு-கோடு அல்லது இடைவெளி-இடைவெளி-இடைவெளி என்று நின்றால் அது அடிப்படை நிலைக் கார்டு, கீழ் நோட்டே அதன் பெயர். அடுக்கில் எங்காவது ஒரு நோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே வாய் திறந்தாற்போல ஃபோர்த் இருந்தால் அது திருப்பிய கார்டு. மேலே வாய் திறந்தால் முதல் திருப்பம், கீழே திறந்தால் இரண்டாம் திருப்பம். இரண்டிலும் அந்த ஃபோர்த்தின் மேல் நோட்தான் கார்டின் பெயர். ஈ-ஜி-சி, ஜி-சி-ஈ இரண்டையும் எழுதிப் பார்த்தால் சி எங்கே நிற்கிறது என்று தெரியும்.

இடது கையில் சி-ஜி-ஈ-ஜி என்று உடைந்து ஓடுவதும் அதே சி மேஜர் கார்டுதான். நான்கு நோட்டாகப் படிக்காமல் கையை ஒரே அமைப்பில் வைத்துவிடுங்கள்.

பாமாலைப் புத்தகத்துக்கு இப்போது வரலாம். நான்கு குரல், பீட்டுக்குப் பீட் மாறும் கார்டு. ஆகவேதான் ஆரம்பத்தில் வேண்டாம் என்றது. முதல் வாரம் மேல் குரலும் பேஸும் மட்டும். அது நிற்காமல் வந்தபின் நடுக்குரல்களில் ஒன்றைச் சேருங்கள்.

8. ஷார்ப், ஃபிளாட் தவறுகள்

ஜி மேஜரில் வலது கை எஃப் ஷார்ப் அடிக்கும், இடது கை வெறும் எஃப் அடிக்கும். கீ சிக்னேச்சர் எல்லா ஆக்டேவுக்கும் பொருந்தும் என்பது தெரிந்தும் இது நடக்கிறது. தாளிலேயே ஒட்டி வரும் ஷார்ப் அப்படியல்ல: அந்த பார் முடியும் வரை, அதே ஆக்டேவில் மட்டும். அடுத்த பாரில் செல்லாது, டை-யால் கோடு தாண்டி இழுத்த நோட்டைத் தவிர. பாரின் தொடக்கத்தில் வந்த ஷார்ப்பை அதே பாரின் கடைசியில் மறப்பதே அதிகம் பார்க்கும் பிழை.

கீகளைச் சேர்க்கும் வரிசை: சி, ஜி, எஃப் மேஜர், பிறகு ஏ, ஈ, டி மைனர், பிறகு டி, பி ஃபிளாட் மேஜர். ஒரு கீயில் இருபது தாளாவது ஓடிய பின்பே அடுத்தது.

9. பதினைந்து நிமிடம், ஒரு நோட்டுப் புத்தகம்

இரண்டு நிமிடம் தூரம் சொல்லுதல், இரண்டு நிமிடம் கண்மூடிக் கட்டை தேடுதல், இரண்டு நிமிடம் தொடையில் தாளம், மீதி ஒன்பது நிமிடத்தில் மூன்று புதிய தாள்கள். ஞாயிறன்று ஒன்றரை மணி நேரம் உட்காருவதைவிட இது வேலை செய்யும். சைட் ரீடிங்கில் கண் சீக்கிரம் களைக்கும், களைத்த கண் நோட்டை ஊகிக்கத் தொடங்கும்.

ஒவ்வொரு தாளும் அதிகபட்சம் இரண்டு முறை. முதல் முறை நிற்காமல். பிறகு கருவியைத் தொடாமல் எங்கே தவறியது என்று தாளில் பாருங்கள். இரண்டாவது முறை வாசித்துவிட்டு எடுத்து வைத்துவிடுங்கள். மூன்றாவது முறை வாசிக்கும் ஆசை வரும், அங்கிருந்து மனப்பாடம் தொடங்குகிறது. அதே தாளை மூன்று மாதம் கழித்து எடுக்கலாம்.

நோட்டுப் புத்தகத்தில் தேதியும் நான்கு கட்டமும் போதும்: நோட், தாளம், கீ, நின்றது. தவறு ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. வாரக் கடைசியில் எந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறதோ அதற்கான நிமிடங்களை அடுத்த வாரம் இரட்டியுங்கள். “நின்றது” கட்டம் தொடர்ந்து இரண்டு வாரம் காலியாக இருந்தால் கடினத்தைக் கூட்டலாம், ஆனால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும்: வேகம் அல்லது கீ அல்லது விரல் எல்லை. மூன்றையும் சேர்த்துக் கூட்டினால் எதனால் விழுந்தீர்கள் என்பது தெரியாமல் போகும்.

அந்தக் கட்டம் காலியாகாமலே இருந்தால் மெட்ரோநோமை விட்டுவிட்டு ஆளைத் தேடுங்கள். பாடும் நண்பரோ வயலின் வாசிப்பவரோ எளிய தாளோடு வரட்டும். நீங்கள் நின்றாலும் அவர் தொடர வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.